ஸ்பானிய மொழி படிக்க வெளிநாடு போகிறவர்களுக்கு

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வெளிநாடு போனவர்களின் கணக்கை எடுத்தால், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, இலண்டன், கனடா என்று அது முடிந்துவிடும். ஆகவே ஸ்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால், "அங்கே எங்கட ஆட்கள் ஆர் இருக்கினம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அது நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஒருவரும் இல்லை என்பதே பதில். மொழி படிக்கிறவருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

உயர்தரம் முடித்தவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்களுக்கும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஸ்பானியம் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. இவற்றைப் பார்த்து வேலைவாய்ப்பு, சம்பளம் என்று பேசுவோர் பலர். என் எண்ணம் வேறு. மொழி படிக்கக் கடல் கடப்பவர் தன் ஊரிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பறை இலக்கணத்தைக் கற்றுத்தரும். பேச வைப்பது, கேட்டே ஆகவேண்டும் என்ற தேவை.

கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913-1980) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரோமாபுரியில் படித்தவர். இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு எனப் பல மொழிகள் அறிந்தவர். ஐரோப்பியர் பழைய காலத்தில் தமிழைப் பற்றி என்ன எழுதினார்கள், எதை அச்சிட்டார்கள் என்ற தேடல் அவருக்கு இருந்தது. அந்தத் தேடலால்தான் 1679இல் அச்சான அந்தாம் தெ ப்ரொவென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ணில் பட்டது. 1966இல் அதை மறுபதிப்பாகவும் கொண்டுவந்தார்.

வீட்டிலிருந்தே ஏ2 வரை

ஒரு எழுத்தும் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் இருக்கின்றன. முதல் இரண்டையும் தர்மபுரத்தில் இருந்தபடியே ஏறிவிடலாம். வணக்கம் சொல்லவும், எண்களைச் சொல்லவும், கடையில் விலை கேட்கவும் வலென்சியாவில் போயிருந்து ஐரோப்பியக் காசு கொடுத்துப் படிப்பது வீண்செலவு. ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் இணையவழிப் பாடங்களை நடத்துகிறது. இலவசச் செயலிகளும் உள்ளன. இவை பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருவதால், ஆங்கிலத்தில் வாசித்தாலும் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆங்கிலம் வழியாகப் பார்த்தால் கடினமாகத் தெரியும் பல இடங்கள் தமிழ் வழியாகப் பார்த்தால் நேராக இருக்கின்றன. "எனக்குச் சோறு பிடிக்கும்" என்கிறோம். ஸ்பானியத்தில் "மே கூஸ்தா எல் அர்ரோஸ்". அங்கேயும் சோறுதான் எழுவாய், நான் "எனக்கு" என்ற வேற்றுமையில் நிற்கிறேன். ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். "வந்தேன்" என்றால் வந்தது நான் என்று வினைமுற்றே சொல்லிவிடுவதுபோல அங்கேயும் வினையின் ஈறு ஆளைக் காட்டும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. "அது" என்று சொல்லும்போது தகரம் எப்படி மெலிகிறதோ, உயிர்களுக்கு நடுவில் வரும் அவர்களுடைய தகரமும் அப்படியே மெலியும். ஞகரத்துக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது.

சிரமமான இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்ற பொருளுக்கும் பால் வகுப்பார்கள். அதற்குக் காரணம் தேடாமல் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள். "இரு" என்பதற்கு இரண்டு வினைகள். விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்குத் தனி வினைவடிவம். நாக்கை உருட்டிச் சொல்லும் அழுத்தமான ரகரத்தைத் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். "பெரோ" என்றால் "ஆனால்", "பெர்ரோ" என்றால் நாய்.

எந்த ஊர்?

பலரும் முதலில் சொல்வது சலமன்காவை. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம், வெளிநாட்டாருக்கு ஸ்பானியம் கற்பிப்பதில் நீண்ட அனுபவம் உள்ள ஊர். கிரனாடாவும் நல்ல தேர்வு. இரண்டும் மாணவர் ஊர்கள். மத்ரித், பார்சிலோனாவோடு பார்க்கையில் வாடகை குறைவு. தனியார் பள்ளியானால் செர்வாந்தேஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள். குவாத்தமாலாவின் அந்திகுவாவில் ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையும், குடும்பத்தோடு தங்கும் வசதியும் ஐரோப்பாவைவிட மலிவாகக் கிடைக்கின்றன. பயணச்செலவு அந்த மலிவைத் தின்றுவிடாதா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. இனி வன்னிப் பிள்ளைகளுக்கென்று சொல்ல வேண்டிய இரண்டு ஊர்கள்.

முதலாவது வலென்சியா. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில், அல்லது கல்மடுக் குளத்துக்குக் கீழே வளர்ந்த பிள்ளைக்கு வாய்க்கால் சண்டை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல்மடைக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொள்வதும், கடைமடைக்காரர் இரவில் லைட்டோடு நடந்துபோய்ப் பார்ப்பதும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சத்தம் எழுவதும் நம் வீட்டுக் கதைகள். வலென்சியாவில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலின் முன்னே தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றின் இரு கரைகளிலுமுள்ள எட்டு வாய்க்கால்களுக்குக் கமக்காரர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர், கறுப்பு மேலாடையோடு வட்டமாக அமர்கிறார்கள். அவர்களும் கமக்காரர்களே. வழக்கறிஞர் கிடையாது. முறைப்பாடும் விசாரணையும் வாய்மொழி, தீர்ப்பும் அதே இடத்தில். ஒரு கரை வாய்க்காலைச் சேர்ந்தவர் மீது குற்றம் வந்தால், தீர்ப்புச் சொல்வது மறுகரையைச் சேர்ந்தவர்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. கிளிநொச்சியில் கமக்காரர் அமைப்புகள் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தோடு வாதாடிய ஆண்டுகளை அறிந்த ஒருவர் அந்த வாசலில் நின்றால், சுற்றுலாப் பயணிக்குத் தோன்றாத நூறு கேள்விகள் தோன்றும். பக்கத்தில் நிற்கும் கிழவரிடம் கேளுங்கள். வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் கமக்காரர் யாரும் வாய் திறப்பார்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்து போங்கள். அந்த நீதிமன்றம் நடப்பது வலென்சிய மொழியில். ஸ்பெயினில் கத்தலான், வலென்சியம், கலீசியம், பாஸ்க் ஆகியவற்றுக்கும் அந்தந்தப் பகுதியில் ஆட்சி உரிமை இருக்கிறது. மொழியுரிமை பற்றிப் பேசியே வளர்ந்த நமக்கு அதுவே ஒரு பாடம். தெருப் பலகைகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே ஒரு மாதம் போகும்.

இரண்டாவது, ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ். 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி. பிடித்துக் கொண்டுபோகப்பட்ட பலர் திரும்பவில்லை. 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. 1977 ஏப்ரல் 30இல் அவர்களைத் தேடிய சில தாய்மார் அரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரேயுள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடி நிற்கக் கூடாது என்று பொலிஸ் சொன்னதால் சுற்றி நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். வியாழக்கிழமைகளில் அந்த நடை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு கொட்டில் போட்டு உட்கார்ந்தது நமக்குத் தெரியும். அந்தக் கொட்டிலுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள் இன்று உயர்தரம் முடித்திருப்பார்கள்.

ஆர்ஜென்டினாவில் அந்தத் தேடல் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. காணாமல் போனோர் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை 1984இல் வெளியானது. அதே ஆண்டில் அந்த நாட்டு இளம் மாணவர்கள், ஓர் அமெரிக்க நிபுணரிடம் பயிற்சி பெற்று, எலும்புகளைத் தோண்டி அடையாளம் காணும் தடயவியல் மானிடவியல் குழுவை அமைத்தார்கள். பிறகு அந்தக் குழு உலகின் பல நாடுகளுக்குப் போய் வேலை செய்தது. பெற்றோரோடு காணாமல் போன பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாருக்காக 1987இல் மரபணுத் தரவு வங்கி உருவாயிற்று. 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இன்றுவரை அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். குவாத்தமாலாவிலும் பெருவிலும் இதே வேலையை அந்தந்த நாட்டாரே கற்றுச் செய்தார்கள். ஸ்பெயினிலும் 1936-39 உள்நாட்டுப் போரின் புதைகுழிகளை 2000ஆம் ஆண்டிலிருந்து இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தோண்டத் தொடங்கினார்கள். இந்த அனுபவத்தின் பெரும்பகுதி ஸ்பானிய மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய மண்ணில் எலும்புகள் வந்தன. அப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதைக் கற்ற வன்னிப் பிள்ளைகள் நமக்கு வேண்டும். சட்டமோ, மருத்துவமோ, தொல்லியலோ படிக்கிற ஒருவர் ஸ்பானியத்தையும் சேர்த்துப் படித்தால், அந்த ஆவணங்களை யாருடைய தயவுமில்லாமல் நேரே வாசிக்கலாம். ஸ்பானியம் படிக்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது சுமையும்கூட. உங்கள் வீட்டிலேயே ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், போன முதல் மாதத்திலேயே அந்தச் சதுக்கத்துக்கோ, நினைவிடமாகியுள்ள பழைய கடற்படைப் பள்ளிக்கோ தனியே போகாதீர்கள். மொழி பி1 அளவுக்கு வரட்டும். நம்பிக்கையான ஒருவரோடு போங்கள்.

புவெனஸ் அயர்ஸில் பேசுவது மத்ரித்தின் பேச்சு அல்ல. "நீ" என்பதற்கே அங்கே வேறு சொல், அதற்கேற்ற வினையும் வேறு. வன்னியில் "கதைக்கிற"வர் சென்னைக்குப் போய்ப் "பேசு"வதைப் போன்ற வேறுபாடு என்று எடுத்துக்கொண்டால் பயம் போய்விடும்.

கையில் காசில்லாதவர்களுக்கு இந்தியா ஒரு நல்ல முதற்படி. புதுதில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியத்தில் இளங்கலைப் பட்டம் படிக்கலாம். தில்லியில் செர்வாந்தேஸ் நிறுவனத்தின் நிலையமும் உண்டு. இலங்கை மாணவருக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் புலமைப்பரிசில் தருகிறது. அறிவித்தல்களைக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலும் யாழ்ப்பாணத்துத் துணைத்தூதரகத்திலும் பாருங்கள்.

கடதாசிகள்

ஸ்பெயினில் 90 நாளுக்கு மேற்பட்ட படிப்பு என்றால் சுற்றுலா விசா சரிவராது, மாணவர் விசா எடுக்க வேண்டும். இலங்கையர் விண்ணப்பங்களுக்குப் பொறுப்பு புதுதில்லியிலுள்ள ஸ்பெயின் தூதரகம். எந்த நிலையத்தில் எப்போது ஒப்படைப்பது என்பதைத் தூதரகத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள், பிறர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். செலவுக்கான பணம் இருக்கிறது என்று காட்ட ஸ்பெயின் மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 2023 முதல் அது 600 யூரோ. ஒன்பது மாதப் படிப்புக்கு 5,400 யூரோ, கல்விக் கட்டணம் வேறு. வேலை செய்து சமாளிக்கலாம் என்ற எண்ணத்தில் கணக்குப் போடாதீர்கள். படிப்பு ஆறு மாதத்தைத் தாண்டினால் பொலிஸ் நற்சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்களை வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதன் கிளை இருப்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகம் இருக்கிறது. 2009இல் இடம்பெயர்ந்தபோது மூலப் பத்திரங்களைத் தொலைத்த குடும்பத்தினர் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்திருப்பார்கள். அந்தப் பிரதிகளில்தான் பெயர்ச் சிக்கல் அதிகம்.

ஸ்பானியப் படிவம் இரண்டு குடும்பப் பெயர் கேட்கும். அவர்கள் வழக்கில் தகப்பன் வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று. நம் பிள்ளைக்கு இருப்பது தகப்பனின் இயற்பெயர் மட்டுமே. அதை முதற்கட்டத்தில் கடவுச்சீட்டிலுள்ள அதே எழுத்துக்கூட்டலோடு எழுதி, இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கட்டத்தை நிரப்ப வேண்டுமென்று தாயின் பெயரைப் போட்டுவிட்டால், பள்ளியின் கடிதத்தில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று மூன்று ஆட்களாகிவிடுவீர்கள்.

வீட்டாரோடு

விடுதியைவிடக் குடும்பத்தோடு தங்குவதே மொழிக்கு நல்லது. வசதி குறைவு, பேச்சு அதிகம். மத்தியானச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்பு அரிது. அந்த மேசையில் சாப்பாடு முடிந்த பிறகும் எழும்பாமல் இருங்கள். அதன் பின் ஓடும் கதைதான் உங்கள் உண்மையான வகுப்பு.

வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்கள், மாட்டிறைச்சி தொடாதவர்கள் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றித் தொடை இறைச்சித் துண்டோ தட்டில் வந்துவிடும். அவற்றைப் பலர் "இறைச்சி" என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கன்னத்தோடு கன்னம் வைத்து வணங்கும் வழக்கம் கூச்சமாக இருந்தால், சிரித்த முகத்தோடு கையை முதலில் நீட்டுங்கள். யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

ஸ்பெயின் நேரம் நம் நேரத்துக்குக் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் பின்னால். அங்கே மூன்று மணிக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தால் இங்கே விளக்கு வைத்த நேரமாயிருக்கும். அந்த அழைப்பை ஒரு நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாலை முழுவதும் காதில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு வலென்சியாவிலும் வாய் தர்மபுரத்திலுமாக இருக்கும். பாரிஸ் லா சப்பலில் இருக்கும் சித்தப்பாவை விடுமுறையில் போய்ப் பாருங்கள். வகுப்பு நாட்களில் போகாதீர்கள்.

திரும்பும் முன் ஸ்பானிய மொழித் தகுதிக்கான டெலே பரீட்சை எழுதுங்கள். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

முகவர்கள்

"ஸ்பெயினுக்கு மாணவர் விசாவில் அனுப்பி, பிறகு பிரான்சுக்கு மாற்றிவிடுகிறோம்" என்று காணி விற்ற காசை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் இறக்கி, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலுள்ள தாரியன் காட்டின் வழியாக அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். நம்மவர்களும் அந்தப் பாதையில் போய் அகப்பட்டிருக்கிறார்கள். மொழிப் பள்ளிக்கான கட்டணம் உங்கள் வங்கியிலிருந்து நேரே பள்ளியின் கணக்குக்குத்தான் போக வேண்டும். பள்ளியின் பெயரைச் சொல்லத் தயங்கும் ஒருவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

போக முடிவெடுத்தவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, கடவுச்சீட்டு நான்கையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நாளைக் காலையே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அந்தத் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் எடுக்கும்.